இடது இருக்கை

வீட்டை விற்றோம்.
படகு அவனுக்கு, நாய் எனக்கு.
கரண்டிகளைக்கூட எண்ணிப் பிரித்த வக்கீல்
விமானம் என்ற வரிக்கு வந்ததும்
பேனாவை மூடி வைத்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இதை எங்கே அறுப்பது?

ஐம்பத்தெட்டாம் வருடத்து ஜோடெல்.
எங்கள் இருவருக்கும் மூத்தது.
மரச்சட்டம், மேலே துணி,
நுனியில் மேல்நோக்கி மடிந்த இறக்கைகள்.
அறுபத்தைந்து குதிரைகள்; அதில் இரண்டு மூன்று
குளிர்நாளில் எழுந்திருக்காது.
அவன் பங்கை வாங்க என்னிடம் பணமில்லை.
என் பங்கை வாங்க அவனிடமும் இல்லை.
மூன்றாம் ஆளுக்கு விற்கும் காகிதத்தில்
இருவருமே கையெழுத்திட மறந்துகொண்டிருக்கிறோம்,
ஆறு வருடமாக.

ஆகவே மாதத்தின் கடைசி ஞாயிறு
மோர்லேவுக்கு வெளியே ஒரு புல்தரையில்
கொட்டகைக் கதவை ஆளுக்கொரு பக்கம் தள்ளுகிறோம்.

இதற்கு ஸ்டார்ட்டர் கிடையாது.
ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும்.
ஒருவர் உள்ளே சுவிட்சோடு உட்கார வேண்டும்.
"ஆஃப்?" என்கிறான் ஜில்தாஸ்,
உள்ளங்கைகள் பிளேடின்மேல்.
"ஆஃப்."
நான் பொய் சொன்னால் அவனுக்குக் கைகள் மிஞ்சாது.
பத்தொன்பது வருடம்
எங்கே போயிருந்தாய் என்ற கேள்விக்கு
நாங்கள் சொல்லிக்கொண்ட பதில் எதுவும்
இந்த ஒரு சொல் அளவுக்குச் சுத்தமில்லை.
"ஆன்."
ஒரு இருமல். நீலப் புகை.
நடுக்கம் இருக்கைவழி முதுகில் ஏறுகிறது.

போகும்போது இடது இருக்கை எனக்கு,
வரும்போது அவனுக்கு.
நோட்டரி முத்திரையுள்ள நிபந்தனை.
பெட்ரோல் பாதி, எண்ணெய் பாதி.
அவனுடைய ரோசென் கட்டித் தருகிற
உப்பு வெண்ணெய் தடவிய அடைகள் மூன்று:
இரண்டு அவனுக்கு, ஒன்று எனக்கு.
அதில் மட்டும் நோட்டரி தலையிடவில்லை.

கீழே நீர் வடிந்த கழிமுகம்.
சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் படகுகள்.
"அதோ என்னுடையது" என்கிறான்.
பார்க்காத மாதிரி பார்க்கிறேன்.
பெயரை மாற்றி எழுதியிருக்கிறான்.

வெஸ்ஸான் தீவுக்குப் பாதிக் கடலில்
டயலின் முள் இறங்கியது.
கார்புரேட்டரில் பனி.
இந்த ஈரக்காற்றில் வருவதுதான், புத்தகத்தில் இருப்பதுதான்.
கீழே இருக்கும் தண்ணீர் புத்தகம் படித்ததில்லை.
சூட்டுக் குமிழுக்கு என் கை போனது.
அவன் கை ஏற்கெனவே அங்கே இருந்தது.
இழுத்தோம்.
இன்ஜின் இன்னும் மோசமாகக் கரகரத்தது.
பனி உருகி உள்ளே இறங்கும் நேரம் அது.
பொறுக்காதவர்கள் இங்கேதான்
குமிழைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்கள்.
நாங்களும், வேறொரு விஷயத்தில்,
தள்ளியவர்கள்தாம்.

ஒன்பது, பத்து.
அவன் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது.
பதிமூன்றில் ஒரு தும்மல்,
முள் மெல்ல ஏறியது.
கையை எடுத்து
கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.
"இடப்பக்கம் சாய்கிறாய்."
"சாயவில்லை."
சாய்ந்துதான் இருந்தது.

தீவின் ஓடுதளத்தோரம் குட்டையான ஆடுகள்.
இறக்கையின் நிழலில் உட்கார்ந்து தின்றோம்.
இன்ஷூரன்ஸ் தவணை பற்றிப் பேசினோம்,
அவன் முழங்கால் பற்றி,
நாய்க்குக் காது கேட்காமல் போனது பற்றி.
அதற்கு மட்டும் அவன்
மெல்லுவதைக் கொஞ்சம் நிறுத்தினான்.

மூன்று மணிக்கு மேற்கில் மேகம்.
இடது இருக்கையிலிருந்த என் மெத்தையை எடுத்துப்
பின்னால் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.
இப்போது விசிறி என் முறை.
மரம் இன்னும் சூடாக இருக்கிறது.
இரண்டு உள்ளங்கையையும் வைத்து
"ஆஃப்?" என்று கேட்கிறேன்.

கண்ணாடிக்குப் பின்னால் வாய் அசைகிறது.
கடல்காற்றில் எதுவும் கேட்கவில்லை.
கையை எடுக்காமலே
இன்னொரு முறை கேட்கிறேன்.