பாசல் நேரம் ஐந்து மணி

நான் ஆராய்ச்சிக்காரி அல்ல.
கொச்சபாம்பா பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில்
நிதி விண்ணப்பங்களின் கூட்டல் சரியா என்று பார்ப்பவள்.
கழித்தல் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்,
பாசலில்.

இந்த முறை ரூஃபினா கொல்க்கேயின் விண்ணப்பம்.
பகலெல்லாம் மண்சுவர் வெடிப்பில் ஒளிந்திருந்து
விளக்கணைந்ததும் இறங்கி
தூங்குகிறவர் முகத்தில் ரத்தம் குடிக்கும்
வின்சூக்காப் பூச்சியைப் பற்றியது.
கடி வலிக்காது.
இருபது வருடம் கழித்து இதயம் வீங்கும்.
உருளைக்கிழங்கு மூட்டையோடு மேடேறுகிறவர்
பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்,
யாரையோ எதிர்பார்ப்பது போல.

படிவம் கேட்பது வேறு.
உங்கள் ஆய்வால் உலகம் எவ்விதம் மாறும்?
இருநூற்றைம்பது சொற்களுக்குள்.
ரூஃபினா இருநூற்று அறுபத்து மூன்று எழுதியிருந்தாள்.
‘ஏழை’ என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது,
மூன்றை எடுத்தோம்.
மீதிப் பத்துச் சொற்களை வெட்ட
விடியும்வரை ஆயிற்று.

செலவுப் பட்டியல்:
உறைபெட்டிக்கு பேட்டரி இரண்டு.
இதயத்துடிப்பு வரையும் தாள், நாற்பது சுருள்.
டீசல்.
டீசல் வண்டி போகாத இடத்திலிருந்து, கழுதை.
கழுதைக்கு ரசீது உண்டா என்றேன்.
கழுதைக்காரரின் கைநாட்டு உண்டு என்றாள்.
‘உள்ளூர்ப் போக்குவரத்து’ என்று எழுதினோம்.

மாணவர் உதவித்தொகை, ஒருவருக்கு.
அந்த ஒருவன் எடில்சோன்.
தொகை வருமுன்னே வேலைக்கு வந்துவிட்டவன்.
பகலில் பூச்சி எண்ணுவான்,
இரவில் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழிப்பான்.
போன ஆண்டு புதுப் பரிசோதனைப் பட்டைகள் வந்தபோது
நோயில்லாத ரத்தம் ஒன்று வேண்டுமென்று
தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு விட்டான்.
இரண்டு கோடு.
பட்டையில் கோளாறு என்றோம்.
இன்னொன்று. இரண்டு கோடு.
மூன்றாவதை அவன் யாருக்கும் காட்டவில்லை.
‘பட்டைகள் சரியாக வேலை செய்கின்றன’ என்று
குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

படிவத்தில் ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி:
இந்த ஆய்வின் முடிவில்
குழுவில் யாருக்கேனும் சொந்த நலன் உண்டா?
ரூஃபினா பேனாவை மூடித் திறந்து மூடினாள்.
எடில்சோனே எட்டிப் பார்த்து
‘இல்லை’ கட்டத்தில் குறி போட்டான்.

கடைசி நாள் வெள்ளி, ஐந்து மணி.
சாயங்காலம்வரை நேரமிருக்கிறதென்று
ரூஃபினா மலைக்குப் போய்விட்டாள்.
காலை பத்தே முக்காலுக்குத்தான் பார்த்தேன்,
ஐந்துக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில்:
பாசல் நேரம்.
அங்கே ஐந்து என்றால் இங்கே பதினொன்று.
வயிற்றில் புளி கரைத்தது.

ஓட்டுநர் பிளாசிதோ போனை எடுத்துக்கொண்டு
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார்.
அவர் கையிலிருந்து வாங்கி
காற்றுக்கு நடுவே ரூஃபினா கத்தினாள்,
கடவுச்சொல்லை.
ஊரே கேட்டிருக்கும்.
இந்தவருடம்நிச்சயம்நான்கு.
அது நான்காவது வருடம்.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.
நன்றி, எட்டு மாதத்தில் பதில் வரும் என்றது
யாரும் உட்காராத ஒரு முகவரி.

பிறகு கை சும்மா இருக்கவில்லை,
மறுபடி ஒரு தரம் கூட்டிப் பார்த்தேன்.
கழுதை விட்டுப்போயிருந்தது.
நூற்றிருபது பொலிவியானோ,
அவர்கள் பணத்தில் பதினைந்து பிராங்க்.

கீழே ஆய்வகத்துக்கு ஓடி
எடில்சோனிடம் சொன்னேன்.
அவன் பூச்சி எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ணிக்கை தவறிவிடும் என்று
திரும்பாமலே
ஒரு கையை மட்டும் உயர்த்தினான்.