ஒரு சாண்

சென்ற அக்டோபரில்
பெரிய பாயின் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
அப்பளம்.
விரல் மறுபக்கம் போய் நகம் காட்டியது.
படகு என்னைவிட ஆறு வயது மூத்தது.
பெயர் லா தெத்யூ, பிடிவாதக்காரி என்று பொருள்.
நான் வைத்ததல்ல,
எர்வே விற்கும்போதே அப்படித்தான் எழுதியிருந்தது.

பைம்போல் துறைமுகத்தில் பாய்களைப் பற்றிக் கருத்தில்லாதவை
நாய்கள் மட்டும்தான்.
டீசல் ஊற்றுகிறவன் ஒரு பெயர் சொன்னான்.
சிப்பி விற்கிறவள் இன்னொன்று சொன்னாள்,
முதல் பெயரைக் கேட்டதும் காறித் துப்பினாள்.

முதல் விலை ஒரே இரவில் வந்தது,
எங்கோ கடல்களுக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையிலிருந்து.
படகின் மாதிரியும் ஆண்டும் போதுமாம்,
அளவெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறதாம்.
பள்ளிக்கூடச் சமையற்காரனின் சம்பளத்துக்கு
அது காதில் தேன்.

சான்-மாலோவில் ப்ரியாக்.
அவன் பட்டறைத் தரையில் நடக்கச் செருப்பைக் கழற்ற வேண்டும்.
மாதா கோயிலில்கூட நான் கழற்றியதில்லை.
கறுத்து மினுங்கும் துணியை விரித்து
அரை நாட் வேகம் கூடும் என்றான்.
அரை நாட்டை வைத்து என்ன செய்ய?
ப்ரெஆ தீவு எங்கும் ஓடிப்போகவில்லை.
கடல் ஏறினால்தான் எங்கள் மதகு திறக்கும்,
முந்தி வந்தவன் வெளியே நங்கூரமிட்டு
ரொட்டி தின்றுகொண்டிருப்பான்.

சுவாஸிக் இருப்பது பொன்த்ரியோவில்,
மூடிக்கிடக்கும் செருப்புக் கடையின் மாடியில்.
மழையில் வேனோட்டி வந்தாள்.
பாயைப் பார்க்கவில்லை.
"ஏற்று," என்றாள்.
நான் ஏற்றுவதைப் பார்த்தாள்.
"இடது தோளா?"
"இரண்டு வருடமாக."
எழுதிக்கொண்டாள்.
பிறகு ஏற்றுக்கயிற்றில் அளவுநாடாவைக் கட்டி
உச்சிவரை இழுத்தாள், இறக்கினாள், மறுபடி இழுத்தாள்.
இதே மாதிரிப் படகு ஐந்துக்குத் தைத்திருக்கிறாளாம்.
மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"இந்தப் பாய்மரத்தை வெட்டியது யார்?"

இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
ஒரு சாண்.

எர்வே காலத்தில் அடியில் முறிந்திருக்கும்.
அறுத்து, நிறுத்தி,
பழைய பாயையே மாட்டி விற்றிருக்கிறான்,
வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு சீட்டாடுகிறவன்.

முடிந்த மட்டும் ஏற்றியும் பாய் இறுகாததற்கு
பதினோரு வருடம் நான் காற்றைத் திட்டவில்லை.
சுக்கான் பிடித்த நொல்வெனைத் திட்டினேன்.
காற்றுக்கு நேராகப் பிடி, நேராக,
ஒரு காரியம் சொன்னால் உனக்கு,
உன்னால்தான் சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று
கரையே திரும்பிப் பார்க்கக் கத்தியிருக்கிறேன்.
நான்கு கோடையாக அவள் படகில் கால் வைப்பதில்லை.
கேட்டால் குளிர்கிறது என்பாள்.
ஜூலையில்.

சுவாஸிக் சொன்ன விலை
ப்ரியாக்கின் விலைக்கு அடுத்த வீடு.
ஆனால் முன்பாய் இன்னும் இரண்டு கோடை தாங்கும்,
நூலை மட்டும் மாற்றலாம் என்றாள்.
என் தோளுக்காக ஏதோ உருளை வளையங்கள், அது தனிக் கணக்கு.
ஏப்ரலில் தருவதாகச் சொன்னாள். இது மே.
தொழிற்சாலைக்கு வேண்டாம் என்று எழுதினேன்,
உடனே ஐந்து சதவீதம் குறைத்தார்கள்.
அதே ஒரு சாண் தொய்வு,
புத்தம் புதிதாக, தள்ளுபடியில்.

முன்பணம் கட்டிய அன்று இரவு
நொல்வென் மட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.
நின்றபடியே சொன்னேன்:
மரம் குட்டை. நாம் வாங்கும்போதே குட்டை.
"எவ்வளவு?"
கையை விரித்துக் காட்டினேன்.
ஈரக்கையை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.
அவள் சாண் என்னுடையதைவிடச் சிறியது,
எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.
"எர்வேயிடம் கேட்டாயா?"
"வெள்ளிக்கிழமை கேட்பேன்."
"அது கிடக்கட்டும்.
என்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்."
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
அதை மூடினாள்,
காது கேட்பதற்கு.