ஒன்பது மணி ஹெலிகாப்டர்

துஸ் தாரா என்றால் மிஸ்கிட்டோ பேச்சில்
பெரிய மரம்.
புயலுக்கு மறுநாள் கரையேறிப் பார்த்தோம்.
நின்றிருந்தது பெயர் மட்டும்.

பேசுவது எர்லினா கத்பர்ட்.
தேவாலயத்து பேட்டரியில் ரேடியோவைக் கட்டி
தகரத்துண்டு ஒன்றின் கீழ் உட்கார்ந்திருக்கிறேன்.
பேட்டரி தீரும்வரை நான்தான் இந்த ஊரின் வாய்.

ஒன்பது மணிக்கு ஹெலிகாப்டர் போகும்.
முதல் நாள் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள்.
மூன்றாம் நாள் வெறும் கை.
பத்தாம் நாள் ஒருவரும் தலை தூக்கவில்லை.
இப்போது அது எங்களுக்குக் கடிகாரம்.
அது தலைக்கு மேல் போனதும்
மரவள்ளி தோண்டக் கிளம்புகிறோம்,
கடல் ஏறி வந்து அழுக வைத்த கிழங்கில்
அழுகாத நுனி தேடி.

பில்வி துறைமுகத்து அலுவலகத்திலிருந்து ஒரு குரல்.
இளவட்டம். நல்ல பையன்தான்.
ஊர்ப் பெயர் என்றான். சொன்னேன்.
எழுத்தெழுத்தாக என்றான். சொன்னேன்.
தெரு?
ஆறு, என்றேன்.
கதவு எண்?
கதவுகள் அந்தத் தெருவோடு போய்விட்டன தம்பி,
எண் எங்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்,
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால்
கணினி அடுத்த பக்கம் போகாதாம்.
அப்படியானால் ஒன்று என்று போடு.
போட்டான்.
நாற்பத்தொரு குடும்பம்
ஒரே கதவுக்குள் நுழைந்தோம்.

கோயில் மணி கண்டல் காட்டில் அகப்பட்டது,
நாக்கு இல்லாமல்.
அதைக் கவிழ்த்துப் போட்டு மழைநீர் பிடிக்கிறோம்.
கிணற்றைவிட அதில்தான் உப்பு குறைவு.

ஒரு நாள் மேலாற்றிலிருந்து தோணி வந்தது.
அரசாங்கத்துடையது இல்லை.
வந்தவர்கள் ஊரிலும் கூரை கிடையாது,
அவர்கள் முதுகில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தே தெரிந்தது.
பச்சை வாழைக்காய் ஒரு குலை, தீப்பெட்டி ஆறு.
எங்களிடம் இருப்பதில் பாதி, என்றார்கள்.
மீதிப் பாதி எவ்வளவு என்று
நாங்கள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?
காயை அவித்து மசித்து
தேங்காய்ப்பால் இல்லாத வாபுல் காய்ச்சினோம்.
தென்னை நூற்றுக்கணக்கில் படுத்துக் கிடக்கிறது,
ஒன்றிலும் காய் இல்லை.

இருபத்தாறாம் நாள் அதே பையன்.
குரலில் சந்தோஷம்.
அம்மா, உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறது!
இருக்கிறதா?
இருக்கிறது. ஆனால்,
பெற்றுக்கொண்டாயிற்று என்று இருக்கிறது.
அரிசி எண்பது மூட்டை,
கூரைத் தகரம் இருநூறு,
கொசுவலை தொண்ணூறு.
வாங்கிக்கொண்டவர் ஹோஸ்டின் பெனடிக்ட்.
போன செவ்வாய்க்கிழமை.
கையெழுத்து தெளிவாக இருக்கிறது, அம்மா.

ஹோஸ்டினை நாங்கள் புதைத்தது
புயல் ஓய்ந்த மூன்றாம் நாள்.
பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை.
அவன் தோணியையே குறுக்காக அறுத்து
ஒரு பாதியை அடியில் வைத்து
மறு பாதியால் மூடினோம்.
அறுத்த ரம்பம் அவனுடையது.
அவன் மனைவி மெல்பினா பிடித்துக்கொண்டாள்,
நான் இழுத்தேன்.

இதைப் பையனிடம் சொல்லவில்லை.
பேட்டரியில் கடைசிக் கோடு.
மறுபடி வருவாரா அவர், என்று கேட்டேன்.
யார் அம்மா?
ஹோஸ்டின்.
வந்தால் உட்காரச் சொல்.
தோணி இல்லாமல்
எப்படி வந்து சேர்ந்தார் என்று கேள்.
எண்பது மூட்டையில் ஒன்றை
மெல்பினாவிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்,
வழி அவருக்குத் தெரியும்.

பையன் பதில் சொல்லவில்லை.
அழுத்திய பொத்தானை விடவும் இல்லை.
அவன் மூச்சு கேட்டது.
அதற்குப் பின்னால், சீராக,
ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
பில்விக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று
அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.