கிணற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவில்

நான்கு அங்குலம் தூக்கியாயிற்று வண்டியை.
ஆசை என்னுடையது, காரணம் கேட்காதீர்கள்.
இப்போது பழைய ஷாக்குகளுக்கு நீளம் போதவில்லை.
பாறையிலிருந்து சக்கரம் இறங்கும்போதெல்லாம்
கயிறு தீர்ந்த வாளிபோல
டணாரென்று நிற்கிறது.

ஜாக்கி போட்டு, அச்சைத் தொங்கவிட்டு
மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட்டுவரை
டேப் பிடித்தேன். இருபத்தாறேகால்.
அமுங்கினால் பதினாறு.

வின்னமக்காவில் வெர்ன் கடை.
"ஒற்றைக் குழாய், நைட்ரஜன், தனித் தொட்டி.
பாலைவனத்தில் எண்பதில் பறக்கலாம்."
நான் பறப்பவன் இல்லை.
பதினெட்டு மைல், அலையலையாய்ச் சுருங்கிய சரளை,
பக்கத்தில் மைத்தே.
கிணற்றில் நாடாவை இறக்கி அளப்பாள்,
வண்டி நகர நகர எழுதுவாள்.

அன்றிரவு அவளுடைய போன வருட நோட்டை எடுத்தேன்.
தார்ச்சாலை முடியும்வரை அச்சுக் கோத்த எழுத்து.
பிறகு ஒன்று ஏழாகி, ஏழு மின்னலாகி,
ஓரத்தில் பாஸ்க் மொழியில் ஒரு வசவு,
அது மட்டும் தெளிவாக.

நோட்டை வெர்னிடம் விரித்தேன்.
இதைப் படிக்கவைக்கிற ஷாக் வேண்டும்.
கண்ணாடி போட்டுப் பார்த்தான். சிரிக்கவில்லை.
உள்ளேயிருந்து தூசி படிந்த பெட்டியோடு வந்தான்.
"சின்ன நடுக்கத்துக்கு இளகும்,
பெரிய பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும்."
பாதி விலை. பளபளப்பு இல்லை.
நீளம் சரி.

ஞாயிறு, மூன்றாம் கிணறு தாண்டியதும்
பேனா காகிதத்தில் ஓடும் சத்தம்.
இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.
எட்டிப் பார்த்தேன்.
"சாலையைப் பார்" என்றாள்.

ஏழு.
இடுப்பில் ஒரு கோட்டோடு ஏழு.
அவள் எப்போதும் அப்படித்தான் போடுவாளாம்.