சூளையில் நத்தை

மூன்றாவது கியரில்தான் முதலில் கேட்டது.
சீழ்க்கை இல்லை;
யாரோ சூடான தேநீரை
ஊதி ஊதிக் குடிப்பது மாதிரி.
வெப்பத் தகட்டைக் கழற்றினால்
கரியில் ஒரு மீசை,
மீசைக்கு அடியில் விரிசல்.

எண்பத்தெட்டாம் வருட மாஸ்டா.
ரோன்னே துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியபோது
அதற்கு வயது இருபது, எனக்கு நாற்பத்தொன்று.
இப்போது இருவரும்
நின்ற இடத்தில் கறை வைக்கிறோம்.

நான்கு நட்டு. மூன்று வந்தன.
நான்காவதற்கு எண்ணெய் விட்டேன், தீ காட்டினேன்,
கெஞ்சினேன்.
ஞாயிறு மாலை போல்ட்டோடு முறிந்து வந்தது.

கையில் வார்ப்பிரும்பு நத்தை.
வாயிலிருந்து சுருளுக்குள் ஓடுகிறது கோடு.
நகம் மாட்டாவிட்டால் ஓட்டலாம் என்பான் தோர்கில்.
மாட்டியது.
மாட்டினாலும் ஓட்டியவன்தான் அவன்.

புதியது வார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.
பழையது ஒன்று ஒசாகாவில் ஒருவரிடம் இருக்கிறது;
அவர் கேட்கும் காசுக்கு
இந்தத் தீவில் ஒரு கோடை முழுக்க
கடல் தெரியும் அறை எடுக்கலாம்.

குளிரக் குளிரப் பற்றவைத்தால் பிளக்கும்,
சட்டென்று ஆறினாலும் பிளக்கும்,
அப்படியொரு ரோஷம் வார்ப்பிரும்புக்கு.
ஆகவே போடிலின் சூளை.

மோந்து பார்த்தாள். "இதோடு என் கோப்பை எதுவும் வேகாது."
கூலி: ஸ்வானெகே வரை ஒரு சவாரி.
மங்கிய சிவப்பில் இடுக்கியால் எடுத்தோம்;
தோர்கில் நிக்கல் கம்பியோடு குனிந்தான்,
தாடி பொசுங்கும் வாசம்,
நான்கு நிமிடம், மறுபடி உள்ளே.
இனி விடியும்வரை
ஆறவேண்டியதுதான் அதன் வேலை.

அவன் தூங்கப் போனான். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.
வெளியே பனி, கருங்கல் மேல் அலை.
மூன்று மணிக்கு உள்ளேயிருந்து
"டிங்".

எனக்கு வயிறு கலங்கியது.
அவள் ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்தவில்லை.
"என் கோப்பையில் இப்படி விழுந்தால்
ஐம்பது குரோன் கூட்டி விற்பேன்."

காலையில் பார்த்தோம்: பற்றவைத்த தழும்பு பிடித்திருந்தது.
ஒரு கட்டைவிரல் தள்ளி, உள்சுவரில்
புதுசாக ஒன்று, மயிரிழை.
அதன் நுனியில் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டேன்.
ஓடிவரும் விரிசல்
துளையில் விழுந்து நின்றுவிடுமாம்.
தோர்கில் சொன்னது. நகத்தைப் பற்றிச் சொன்ன
அதே தோர்கில்.

ஸ்வானெகே சாலை. மீன் புகைக்கும் கூடங்கள் தாண்டி
இரண்டாவது, மூன்றாவது.
போடில் ஹீட்டர் விசிறியை அணைத்தாள்.
இருவரும் மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தோம்.

இன்னும் ஊதித்தான் குடிக்கிறது.
தேநீர் மட்டும்
கொஞ்சம் ஆறியிருக்கிறது.