புல்தான், வேறொன்றுமில்லை

என் கண்ணுக்கு எட்டிய தூரம்
ஒரு மாட்டின் நீளம்.
அதற்கப்பாலும் மாடுகள் உண்டு,
மழையில் நனைந்த செய்தித்தாள்போல
கறுப்பும் வெள்ளையும் ஒன்றில் ஒன்று ஊறி.

பத்தொன்பது வருடம்
ஹெர்பன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.
வெளியே என்ன, என்பேன்.
ஒன்றுமில்லை, புல்தான், என்பான்.
பொய் சொல்கிற ஆள் இல்லை.
ஃப்ரீஸ்லாந்தில் புல்லுக்கா பஞ்சம்?
பிரிந்தபோது காரை அவன் எடுத்துக்கொண்டான்.
ஓட்ட முடியாதவளுக்குக் கார் எதற்கு
என்று என் வக்கீலே கேட்டார்.
நானும் தலையாட்டினேன்.

இப்போது நாற்பத்தேழு வயது.
மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பில்
சுண்டுவிரல் நுனியளவு டெலஸ்கோப்.
வைரம் சோதிக்கிறவள் மாதிரி இருக்கிறாய்
என்றார்கள் பாலாடைக்கட்டிக் கிடங்கில்.
ஆமாம், என்றேன்.
வழிகாட்டிப் பலகைகள் அசலா போலியா
என்று பார்க்கப் போகிறேன்.

சொல்லித்தருகிற யில்டோ என்னைவிட இருபது வயது சின்னவள்.
பாடமும் சின்னது:
முகவாயை இறக்கு. பார். தூக்கு.
ஒரு நொடிக்கு மேல் கூடாது.
அந்தக் குழாய்க்குள் நுழைந்த கணம்
அதைச் சுற்றி ஒரு குருட்டு வளையம்.
ஒரு சைக்கிள்காரர், சைக்கிளோடு,
முன்கூடையில் பூனையோடு,
அதற்குள் ஒளிந்துகொள்ளலாம்.

கோழி தண்ணீர் குடிப்பதுபோல
குனிந்து ஒரு சொட்டுத் தூரம்,
நிமிர்ந்து விழுங்கு.
அறுபது. குடித்தாயிற்று.
முன்னால் தபால் வண்டி, இடப்பக்க விளக்கு மின்னுகிறது.
குடித்தாயிற்று.
மிச்ச நேரமெல்லாம் பழைய கண்ணோடுதான்,
நிறங்களை நம்பி, அசைவுகளை நம்பி.

நான்காம் வாரம், க்ராவ் போகும் சாலையில்
குனிந்தேன்.
வேலிக்கம்பத்தில் நாரை.
நாரைக்கு அலகு உண்டென்று தெரியும்,
படப்புத்தகத்தில் மூக்கு உரசப் பார்த்திருக்கிறேன்.
அலகில் தவளையின் ஒரு கால்
இன்னும் உதைத்துக்கொண்டிருக்கும் என்று
எந்தப் படத்திலும் இல்லை.
ஒரு நொடி.
இரண்டு.
யில்டோவின் கால் அவள் பக்கத்து பிரேக்கை மிதித்தது.
பெல்ட் தோளை அறுத்தது.
எதிரே, வைக்கோல் உருளைகளோடு ஒரு டிராக்டர்
சாவகாசமாகச் சாலையேறிக்கொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை.
ஜன்னலை இறக்கினாள், சாணவாசம் வந்தது.
நாரை நாளைக்கும் இருக்கும், என்றாள்.
நாமும் இருக்கணும்.

ஓரங்கட்டி அழுதேன்.
பயத்தில் என்று நினைத்திருப்பாள்.
எனக்கோ கணக்கு ஓடிக்கொண்டிருந்தது:
பத்தொன்பது வருடம், எத்தனை வேலிக்கம்பம்.
பிறகு தோன்றியது,
ஓட்டுகிறவனுக்கும் ஒரு நொடிதானே,
நாரை அவனுக்கும் கிடையாதுபோல.
மன்னித்துவிடலாம் என்று
ஸ்டீயரிங்கில் கைவைத்தேன்.
ஆனாலும், ஹெர்பன்,
சிவப்பு விளக்குகள் இருந்தனவே.

இன்று பாலம் தூக்கியிருக்கிறது.
மணி அடிக்கிறது, நாங்கள்தான் முதல் வண்டி.
இன்ஜினை அணைத்தேன்.
இப்போது வேண்டுமட்டும் பார்க்கலாம், என்றாள் யில்டோ.
முகவாயை இறக்கினேன்,
இறக்கியபடியே இருந்தேன்.
பாய் சுருட்டிய படகொன்று.
பின்புறத்தில் பெயர், பொன்னிற எழுத்து.
ஒன்று, இரண்டு, மூன்றாவது எழுத்தில்
படகு திரும்பிக்கொண்டது.
சுக்கான் பக்கத்தில் ஒரு மனிதர்
கட்டம்போட்ட பைஜாமாவில்,
வாயெல்லாம் நுரை.
கால்வாயில் துப்பிவிட்டு
யாரும் பார்க்கவில்லையே என்று
சுற்றுமுற்றும் பார்த்தார்.

பாலம் இறங்கியது.
பின்னாலிருப்பவன் ஹார்னை அழுத்தினான்.
என்ன இருந்தது அங்கே, என்றாள் யில்டோ.

ஒருத்தர் பல் தேய்க்கிறார், என்றேன்,
முகவாயைத் தூக்கி
கிளட்சை மெல்ல விட்டபடி.