எட்டாவது படி

இருபத்திரண்டு வருடமாக
"போய்ப் படுக்கிறேன்" என்று மாடியேறுகிறாள் கிராசியேத்.
ஏழு படி. அதற்குமேல் ஒன்றுமில்லை,
ஒட்டுப்பலகையும் இருட்டும்தான்.
கேமரா நிற்கும்வரை
என் ஏணியைப் பிடித்தபடி மூச்சடக்கி நிற்பாள்.
படி செய்தவன் நான். எனக்குத் தெரியும்.

போர்த்தோ மீன்கடையில்
சாளையை நிறுத்துக்கொண்டே கேட்கிறாள் துல்சே:
"கடைசியில் அவளைச் சாகடிக்கப் போகிறீர்களாமே?"

கதை பேசும் அறையில்
தீ விபத்து என்கிறார் ஒருவர்.
கல்யாணம் என்கிறார் இன்னொருவர்.
காணாமல்போன அண்ணன் பிரேசிலிலிருந்து
நான்காம் முறையாகத் திரும்பட்டும் என்று
கைதூக்கியவர்கள் மூன்று பேர்.

தச்சனை யார் கேட்பார்கள்?
சனிக்கிழமை எல்லோரும் போனபின்
எட்டாவது படியை அடித்தேன்.
அதன்மேல் ஓர் அறை,
நிஜமாகவே திறக்கிற ஜன்னல், கட்டில்.
மெத்தை என் வீட்டிலிருந்து வந்தது.
(அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.)

கடைசி நாள் விளக்கணைத்து அவள் ஏறட்டும்.
ஏழோடு நின்று பழகிய கால்
கொஞ்சம் தடுமாறும்.
அதை வெட்டிவிடாதீர்கள்.

பிறகு கட்டில் கிறீச்சிடும்,
ஒரே ஒருமுறை.

கீழே பழக்கதோஷத்தில்
'தொடரும்' என்று யாரும் போட்டுவிட வேண்டாம்.
தூங்குகிறாள்.